என் வீட்டு நடையில் முறத்தோடு நின்றேன்

மாசி வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டு நடையில், காலில் செருப்பில்லாமல், கையில் முறத்தோடு நான் நின்றேன். உள்ளே என் அடுக்களையில் என் அரிசிப் பானையின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பித்தளை மூடி. ஒரு பக்கம் நசுங்கினது. அதைத் திறந்தால் 'கிறீச்' என்று ஒரு முனகல் வரும். முப்பது வருடமாக அந்த முனகலை வரவைப்பவள் நான் ஒருத்திதான். அன்றைக்குத் திறந்தது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்.

நான் வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். முறத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். மதில்மேல் நின்ற கோழி தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது.

என் வீட்டில் நானே பிச்சைக்கு ஏன் நின்றேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில், கிணற்றில் விழுந்த கிண்டிச் செம்பைப் பற்றி எழுதியிருந்தேன். கதை அங்கேயும் இங்கேயும் ஓடுகிறது என்று பக்கத்துக் கருங்கல் ஊரிலிருந்து ஒரு வாசகர் சொல்லி அனுப்பினார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நேராக நடக்க எனக்குத் தெரிந்தது கோயிலுக்கு மட்டும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைக்குள் ஒன்றும் இல்லை

என் வீட்டுக்காரர் வாழை வைக்கிறவர். கருங்கல் சந்தையில் குலையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒருநாள் பைக் சறுக்கி விழுந்தார். எலும்புக்குச் சேதமில்லை. ஆனால் அன்றிலிருந்து தலைவலி. காலையில் வலது நெற்றிப்பொட்டில் தொடங்கும், பைய உச்சிக்கு ஏறும். மத்தியானம் ஆனால் ஈரத் துவர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். காக்கை கரைந்தால்கூட முகம் சுளியும்.

நாகர்கோவிலில் கொண்டுபோய்ப் படம் எடுத்தோம். தலைக்குள் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

"அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்" என்றேன். அந்த வலியிலும் அவர் சிரித்தார். சிரித்ததும் வலி கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவரைச் சிரிக்க வைக்கவும் எனக்குப் பயம்.

எங்கள் ஊர் இரணியலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தலையில் வலி என்றால் எங்களுக்கு மண்டைக்காட்டுக் கோயில் அம்மைதான். பச்சரிசி மாவும் வெல்லமும் சிறுபயறும் சேர்த்து, மனிதத் தலை போல உருட்டி, மூக்கும் வாயும் பிடித்து, கண்ணுக்கு இரண்டு பயறு வைத்து, ஆவியில் அவித்து அம்மைக்குப் படைக்க வேண்டும். மண்டையப்பம் என்று பெயர். நான் அதோடு ஒரு படி கூட்டி நேர்ந்தேன். கடையில் வாங்கிய அரிசியில் செய்யமாட்டேன், ஏழு வீட்டு நடையில் முறத்தோடு நின்று பிச்சை எடுத்த அரிசியில்தான் செய்வேன் என்று. நம்முடைய பவுசு எல்லாம் நடையிலேயே கழன்று விழ வேண்டும், அதுதான் கணக்கு.

நேர்ந்த பிறகு வலி இறங்கியது. மாத்திரையினால் என்றார் அவர். நான் வாதாடவில்லை. மாத்திரை எழுதியவர் கையையும் அம்மைதானே பிடித்திருப்பாள்.

ஆனால் போன வருடம் மாசிக் கொடைத் திருவிழா நேரத்தில் குடும்பத்தில் ஒரு சாவு. தீட்டு. நேர்ச்சை நின்றுபோயிற்று. இந்தத் தை மாதம் ஒருநாள் அவர் மாட்டுத் தொழுத்துப் பக்கம் உட்கார்ந்து பொட்டைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்து மாட்டைத் தடவினார். இந்தக் கொடை முடிவதற்குள் அப்பம் அம்மை நடைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று மட்டும் மனதில் முடிந்துகொண்டேன்.

நாங்கள் கிராமம் ஆனோம்

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரைக் கிராமம் ஆக்குகிற வேலை தொடங்கியது.

முன்னமே கிராமம்தானே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சுகுமாரன் வந்து திருத்தினான். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். வளைகுடாவில் ஹோட்டலில் இருபது வருடம் தட்டு எடுத்தவன். ஊருக்கு வந்ததும் சுற்றுலாக் குழு ஒன்றை உண்டாக்கி, தன்னைச் செயலாளர் ஆக்கிக்கொண்டான். ஊர் நடுவில் ஒரு போர்டு வைக்கவேண்டும், அதில் 'சமுதாயம் சார்ந்த நிலைத்த சுற்றுலாக் கிராமம்' என்று எழுதவேண்டும், அதற்கு மேலே இருந்து அனுமதி வரவேண்டும். இதுதான் அவனுடைய நேர்ச்சை.

முதல் கூட்டத்தில் பக்கத்து வீட்டு ராசம்மை எழுந்து கேட்டாள்: "நெலச்ச சுற்றுலான்னா என்னது சுகுமாரா? வந்தவிய திரும்பிப் போவமாட்டாவளா?"

"அப்படியில்ல அக்கா. ஊரு கெடாம, உள்ளது உள்ளபடி இருக்கணும். அதைக் காணத்தான் ஆளு வரும்."

"செரி. அப்ப நாங்க ஒண்ணும் செய்யாண்டாம் இல்லியா?"

செய்ய வேண்டியது நிறைய இருந்தது. உள்ளது உள்ளபடி இருப்பதற்காக, உள்ளதை எல்லாம் ஒளிக்கச் சொன்னான். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஊர் முழுவதும் சேர்த்து அவன் வீட்டுக்குள் அடுக்கப்பட்டன. அவன் பெண்டாட்டி நாகர்கோவிலில் இருக்கிறாள், வீடு பூட்டித்தான் கிடக்கும். அன்று முதல் வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. என் பிரிட்ஜை ஓலைப்பாயால் மூடினார்கள். மிக்ஸி வைக்கோலுக்குள் போயிற்று. மோட்டாரை நிறுத்திக் கிணற்றில் கயிறு கட்டச் சொன்னான். கயிறு ஊரில் யாரிடமும் இல்லை. கருங்கல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "பசு வாங்கினியளா?" என்று கேட்டார். வெள்ளம் கோருவதற்கு, தண்ணீர் இறைக்கத்தான், என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்து இரண்டு முழம் சும்மா கூட்டித் தந்தார்.

என் வீட்டுக்காரருக்கு வேட்டி கட்டி, மண்வெட்டியைத் தோளில் வைத்து விருந்தாளி முன்னால் நடக்கிற வேலை. மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய அரைக்கால் சட்டையில்தான் அவர் தோட்டத்தில் நிற்பார். அது கூடாதாம்.

"மம்பட்டியத் தூக்கிட்டு எங்க போவணும்?" என்று கேட்டார்.

"எங்கயும் போவாண்டாம் அண்ணே. மூணு தடவ குறுக்க நடந்தா மதி, அது போரும்."

இதற்கு நடுவில் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வந்தார். மூன்று வாரம், சாயங்காலம்தோறும், சமுதாயக்கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். அவர் சொன்னதன் சுருக்கம், விருந்தாளியிடம் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோங்க, இது உங்க வீடு" என்று சொல்லவேண்டும். ஒவ்வொருத்தியாக எழுந்து சொன்னோம். ராசம்மை சிரிக்க மறந்தால் மறுபடி. நான் நன்றாகச் சொல்லிக் கைத்தட்டு வாங்கினேன். படிக்கிற காலத்தில் வாங்காதது. பெருமையாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெருமைக்குத்தான் பின்னால் அடி விழுந்தது.

கடைசியாக, தெரு முழுக்க அரிசிமாக் கோலம். எங்கள் ஊரில் இந்த அளவுக்குக் கோலம் யாரும் போட்டதில்லை. சுகுமாரன் ஏதோ காலண்டர் படத்தில் பார்த்திருக்கிறான். வீடுவீடாகப் போய்ப் பச்சரிசியை வாங்கி மாவாக்கித் தெருவில் இட்டான். எறும்புகளுக்கு அந்த மாசியில் இரண்டு கொடை.

போன மூக்கு

ஊரைப் பார்த்து அறிக்கை எழுத நிவேதா வந்தாள். சென்னைப் பெண், முப்பது வயது இருக்கும். அவள் எழுதுவதைப் பொறுத்துத்தான் போர்டு. என் வீட்டில் தங்க வைத்தார்கள். வந்த அன்று என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு மூன்று தடவை குறுக்கே நடந்தார்.

"அங்கிள் ரொம்ப உழைக்கிறார் இல்ல?" என்றாள் நிவேதா.

"ஓ, இன்னைக்குக் கூடுதலா" என்றேன்.

நல்ல பிள்ளை. பாய் மூடின பிரிட்ஜ் பக்கத்தில் நின்று, அதன் உறுமலைக் கேட்டு, "பூனை இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லக்கூடாதே.

மறுநாள் கொடை முடிகிற நாள். கோலத்துக்கு முந்தியே ஏழு வீட்டு அரிசியைப் பிச்சை எடுத்து வைத்திருந்தேன். விடியுமுன் குளித்து, ஈர முடியோடு மாவு இடித்து அப்பம் அவித்தேன். வெல்லமும் ஏலமும் மணக்க, தலை உருண்டையாக வந்திருந்தது. மூக்கு மட்டும் என் வீட்டுக்காரர் மூக்கு போலக் கொஞ்சம் பெருத்துவிட்டது. நார்ப்பெட்டியில் வைத்து வாழையிலையால் மூடி அடுக்களையில் வைத்துவிட்டு, அம்மைக்குச் செம்பருத்தி பறிக்கக் கொல்லைக்குப் போனேன். காலை வண்டிக்கு எல்லோரும் மண்டைக்காடு போவதாக ஏற்பாடு.

உள்ளேயிருந்து நிவேதாவின் குரல். "ஆன்ட்டி, இதுல கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

எதில் என்று கேட்டிருக்க வேண்டும். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது, அதுதான் என் நினைப்பில். ஆனால் நினைப்புக்கு முந்தி வாய் ஓடிவிட்டது. மூன்று வாரம் பழகின வாய்.

"எடுத்துக்கோ மோளே, இது உனக்க வீடு."

பூவோடு நான் உள்ளே வந்தபோது இலை விலகியிருந்தது. மூக்கு இல்லை. ஒரு கண்ணும் இல்லை.

அம்மைக்குப் படைக்கும் முன் எச்சில் படக்கூடாது. ருசிகூடப் பார்க்கக்கூடாது, உப்பு இனிப்பு எல்லாம் கை அளவுதான். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

"முழுங்கு மோளே" என்றேன். "துப்பினா அது வேற பாவம்."

விழுங்கினாள். கண் நிறைந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"மூக்கு போச்சு. அப்ப இனி சளி பிடிக்காது" என்றார். சொல்லிக்கொண்டே கை அவர் வலது பொட்டுக்குப் போயிற்று. அது நடிப்பில்லை. அவருக்கு நடிக்கத் தெரியாது. மண்வெட்டியோடு நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சுகுமாரன் ஓடி வந்தான். "மைனி, மூக்கு மட்டுந்தானே. கொஞ்சம் மாவு வச்சு ஒட்டிரலாம். அம்மை கூட்டத்துல இதையா பாத்துட்டிருப்பா?"

இருபது வருடம் ஹோட்டலில் நின்றவன். உடைந்த கேக்கை ஒட்டிப் பழகின கை. நான் சுவரிலிருந்து முறத்தை எடுத்தேன்.

"மைனி, விருந்தாளி நிக்கும்போ ஊருக்குள்ள பிச்சைக்குப் போனா போர்டு கிட்டுமா?"

"போர்டு தலையில விழட்டும்" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். தலையைப் பற்றி அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"நானும் வர்றேன் ஆன்ட்டி" என்றாள் நிவேதா.

ஆறு வீடும் ஆறு இளநீரும்

பிச்சைக்குப் போகிறபோது கூட ஆள் வந்தால் பாரம் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது.

முதல் வீடு ராசம்மை. நான் முறத்தை நீட்டி, "அம்மைக்கு அரிசி தரணும்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் நிவேதா நிற்பதைக் கண்டாள். உள்ளே ஓடினாள். தட்டில் குங்குமம், பூ, சீவின இளநீரோடு வந்து, பல் முழுக்கத் தெரியச் சிரித்து, "வாங்க, இது உங்க வீடு" என்றாள்.

"ராசம்மே, அரிசி கேட்டேன்."

"இளநி குடிக்கட்டும் மொதல்ல. சிரிச்சது செரியா இருந்துதா?"

"இருந்துது. அரிசி."

"பச்சரிசி எங்க இருக்கு? நாலு படியும் ரோட்டுல கெடக்கு. எறும்பு தின்னுது." பானையின் அடியைச் சுரண்டி ஒரு பிடி கொண்டுவந்து போட்டாள்.

எல்லா வீட்டிலும் இதே. முதலில் இளநீர், பிறகு சிரிப்பு, பிறகு பானையைச் சுரண்டுகிற சத்தம். ஓய்வு பெற்ற டீச்சர் மேரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒற்றைத் தலைவலி. "படைச்சிட்டு எனக்கும் ஒரு துண்டு கொண்டு தா. எங்க ஃபாதருட்ட பறயாத" என்று இரண்டு பிடியாகப் போட்டாள்.

நிவேதா ஆறு இளநீர் குடித்தாள். நான்காவதில் அவள் முகம் வெளிறியது.

"வேண்டாம்னு சொல்லேன் மோளே."

"சொல்லலாமா ஆன்ட்டி? எல்லாரும் இவ்வளவு ஆசையா தர்றாங்க."

அப்போதுதான் தெரிந்தது. இல்லை என்று சொல்லத் தெரியாமல் எங்களைப் பழக்கியது போல, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அவர்களையும் யாரோ பழக்கித்தான் அனுப்புகிறார்கள்.

ஆறு ஆயிற்று. ஏழாவதுக்கு வீடு இல்லை. பாதி ஊர் கொடைக்குப் போய்விட்டது. இருந்த மூன்று வீட்டில் பச்சரிசி ஒரு மணி இல்லை, எல்லாம் கோலத்தில். சுகுமாரன் வீட்டு வாசலில் போய் நின்றேன். பூட்டு. ஜன்னல் வழியே பார்த்தால் ஊர் நாற்காலிகள் எல்லாம் கூரை உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

காலை வண்டி போய்விட்டது. இனி மத்தியான வண்டி. அதற்குள் இடிக்க வேண்டும், அவிக்க வேண்டும். முறத்தில் கிடந்த அரிசியை விரலால் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஆறு வீட்டு அரிசிதான். வீட்டில் என் பானை நிறையப் பச்சரிசி இருக்கிறது. ஆனால் அது என் அரிசி. என் அரிசியை நானே போட்டுக்கொண்டால் அது பிச்சை இல்லையே.

தெருவில் நின்றபடியே அழுதுவிட்டேன். நிவேதா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, காலைல என்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"இது உனக்க வீடுன்னு."

"சொன்னேன்."

"நிஜமா சொன்னீங்களா, இல்ல கிளாஸ்ல சொல்லிக் கொடுத்ததா?"

பழகின வாய் அப்போது பார்த்து ஊமையாகிவிட்டது. அவள் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து என் வீட்டுக்குள் போனாள்.

ஏழாவது நடை

அப்படித்தான் நான் அங்கே நின்றேன். பித்தளை மூடி முனகியது. கோழி பார்த்தது.

இந்த நடையில் எத்தனை பேருக்கு அரிசி போட்டிருக்கிறேன். நேர்ச்சைக்கு வருகிறவர்கள், காவி உடுத்தவர்கள், குறிசொல்கிறவர்கள். மேலே நின்று போடும்போது இரண்டு படிதான். கீழே நின்று பார்க்கும்போது அது அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. எத்தனை பேரை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று உள்ளே நின்றிருக்கிறேன்.

"அம்மா, தாயே" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மண்டைக்காட்டு அம்மைக்கு அரிசி தரணும்."

நிவேதா வந்தாள். அளக்கத் தெரியாமல் இரண்டு கையும் கூட்டி அள்ளியிருந்தாள். படியில் பாதி சிந்தியது. சிரிக்கவில்லை, இது உங்கள் வீடு என்று சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்து முறத்தில் போட்டாள். வீட்டுக்காரிகள் அப்படித்தான் போடுவார்கள்.

அது செல்லுமா செல்லாதா என்று எந்தப் பூசாரியிடமும் நான் கேட்கவில்லை. அப்படித் தலை குனிந்த ஒரு கையிலிருந்து விழுந்ததைச் செல்லாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மைக்கும் வந்திருக்காது.

பிறகு நேரமில்லை. வைக்கோலைக் கிளறி மிக்ஸியை எடுத்தேன்.

"மிக்ஸி இருக்கா ஆன்ட்டி?"

"எல்லாம் இருக்கு மோளே. உனக்காவத்தான் ஒளிச்சு வச்சிருக்கு. அந்தப் பாயை எடு. அது பூனையில்ல, பிரிட்ஜ். சில்லுனு வெள்ளம் குடி."

மத்தியான வண்டியில் நின்றுகொண்டே போனோம். பெட்டி என் தலையில், நிவேதாவின் கை பெட்டியில். கடற்காற்றும் கற்பூரமும் வியர்வையும் கலந்த அந்தக் கூட்டத்தில் நெருக்கித் தள்ளி, அப்பம் அம்மை நடைக்குப் போயிற்று. திரும்பக் கிடைத்ததில் மூக்கை உடைத்து என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன், ஒரு கண் நிவேதாவுக்கு. மேரி டீச்சருக்கு அப்பத்தின் நெற்றியிலிருந்து ஒரு துண்டு, இலையில் பொதிந்து. வண்டி வரும்வரை என் வீட்டுக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டுக்குப் போகவில்லை. இதுவரைக்கும் போகவில்லை.

போர்டு வந்துவிட்டது. நிவேதா என்ன எழுதினாளோ, மேலிடத்தில் மிகவும் பிடித்துப்போயிற்றாம். போன மாதம் சுகுமாரன் புதிய நிகழ்ச்சித் தாளோடு வந்தான். மண்வெட்டி நடைக்கு அடுத்ததாக 'ஏழு வீட்டு அரிசி நடை' என்று சேர்த்திருந்தான்.

"மைனி, நீங்க முறத்தோட முன்னால நடந்தா மதி. பின்னால விருந்தாளிய வருவாவ. வாரத்துல ரெண்டு நாளு."

"ஆருக்குத் தலைவலி?"

"ஆருக்கும் இல்ல. சும்மா காட்டத்தான்."

"இல்லை" என்றேன். மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு முதல் தடவையாக அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. கிழங்கு மாதிரி ருசியாக இருந்தது. "அன்னைக்கு உனக்க நடையிலயும் நின்னேன் சுகுமாரா. பூட்டிக் கெடந்துது. உள்ள நாற்காலிதான் இருந்துது."

தாளை நான்காக மடித்தான். விரல் மெல்லப் பொட்டுக்குப் போயிற்று.

"உங்ககிட்டப் பேசினா எனக்குத் தலை வலிக்கு மைனி."

சுவரிலிருந்து முறத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை. மாசி வரட்டும்.